த பேசின்: பிள்ளையார் கோயிலும் பிள்ளைகளின் வழக்கும்

மெல்போர்ன் தமிழர்களிடம் த பேசின் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதிப்பேர் ஊரைச் சொல்லமாட்டார்கள், கோயிலைச் சொல்வார்கள். மவுண்டன் ஹைவேயின் ஓரத்தில், யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே நிற்கிறது ஸ்ரீ வக்ரதுண்ட விநாயகர் கோயில். 1990-களின் தொடக்கத்தில் எழுந்த கோயில். இலங்கைத் தமிழர்கள் பெருவாரியாக வந்துபோவதால் பிரகாரத்தில் யாழ்ப்பாணப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. சதுர்த்தி நாளில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே ஒரு வரம். கொழுக்கட்டையும் பிரசாதமும் வாங்கிக்கொண்டு அப்படியே மலையேறி சசஃப்ராஸில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவது பல குடும்பங்களின் வழக்கம்.

ஊர் சிறியது. மெல்போர்ன் நகர மையத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். நாக்ஸ் நகராட்சியின் ஓரம். மக்கள்தொகை சுமார் 4,500. டாண்டனாங் மலைத்தொடர் மூன்று பக்கமும் வளைத்துக்கொள்ள, நடுவில் பள்ளமாகக் கிடக்கிறது. டாண்டனாங் ஓடை மலையிலிருந்து இறங்கி இவ்வழியாகத்தான் ஓடுகிறது. மவுண்டன் ஹைவேயும் ஃபாரஸ்ட் ரோடும் கூடுமிடத்தில் நாலைந்து கடைகள். முக்கோணம் என்று அதற்குப் பெயர். அங்கிருந்து சசஃப்ராஸ் வரை ஏறும் சாலையை சைக்கிள்காரர்கள் 'இருபதுக்கு ஒன்று' என்கிறார்கள். இருபது அடி போனால் ஓரடி உயரம் என்பது கணக்கு. சனி, ஞாயிறு காலைகளில் பளபளக்கும் சட்டைகளுடன் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். சாண்ட்லர் குடும்பத்தார் இந்த அடிவாரத்தில் நாற்றங்கால் வைத்துப் பூச்செடி வளர்த்தார்கள். அவர்களுடைய கோமோ தோட்டம் இன்னும் ஊரின் பெருமை. 1962 ஜனவரியில் மலையில் பற்றிய காட்டுத்தீ இந்த ஊரையும் விடவில்லை. கோடை வந்தால் தீயணைப்புத் தொண்டர்கள் இன்றும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சுற்றுலாக் கையேடு இத்தோடு நிறுத்திக்கொள்ளும். இந்த ஊருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் பக்கத்துக்கு ஊரின் பெயர்கூட ஒட்டவில்லை. அடுத்த ரயில் நிலையத்தின் பெயரான பேஸ்வாட்டர்தான் ஒட்டிக்கொண்டது. 1889-இல் ரயில் பேஸ்வாட்டருக்கு வந்தது. 1897-இல் இரட்சணிய சேனை இந்த அடிவாரத்தில் பண்ணை நிலத்தோடு சிறுவர் இல்லம் ஒன்றைத் தொடங்கியது. பேஸ்வாட்டர் சிறுவர் இல்லம் என்ற பெயரில், வெவ்வேறு வடிவங்களில், 1980-கள் வரை அது நடந்தது.

இரட்சணிய சேனையைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாகர்கோவிலின் கேத்தரின் பூத் மருத்துவமனை ஒன்றே போதும். 1882-இல் அது இந்தியாவுக்குள் வந்த கதையும் சுவையானது. அரசு வேலையை உதறிவிட்டு வந்த பிரெடெரிக் டக்கர், பம்பாய்த் தெருவில் மேளதாளத்தோடு ஊர்வலம் போனதற்காகக் காவல்துறையால் கைது செய்யப்பட்டார். அதிகாரத்தை எதிர்த்துத் தெருவில் நின்ற கூட்டம் அது. அடுத்த ஆண்டே, 1883 டிசம்பரில், மெல்போர்னின் கார்ல்டன் பகுதியில் சிறையிலிருந்து வெளிவருபவர்களுக்கு ஒரு வீடு திறந்தது. சேனையின் சமூகப் பணி நிலையங்களில் உலகிலேயே முதலாவது அதுதான். சிறை வாசலில் காத்திருந்து ஆளை அழைத்துவந்து சோறுபோட்டவர்கள். அவர்களே பதினான்கு ஆண்டு கழித்துப் பேசினில் பிள்ளைகளின் கதவுச் சாவியைக் கையில் வாங்கினார்கள். அங்கேதான் கதை திரும்புகிறது.

யார் அந்தப் பிள்ளைகள்? திருடியவர்கள் சிலர். பெற்றோர் இறந்தவர்கள், குடித்த தந்தையிடமிருந்து பிடுங்கப்பட்டவர்கள், தாய் நோயில் விழுந்ததால் வீதிக்கு வந்தவர்கள் பலர். இவர்கள் எல்லோரையும் ஒரே வாசல் வழியாகத்தான் சட்டம் உள்ளே அனுப்பியது. விக்டோரியாவில் 1864-லேயே வந்த சட்டத்தின் பெயரே கவனிப்பாரற்ற பிள்ளைகளையும் குற்றவாளிப் பிள்ளைகளையும் ஒரே மூச்சில் சொன்னது. 1906-இல் சிறுவர் நீதிமன்றச் சட்டம் வந்த பிறகும் வழிமுறை பெரிதாக மாறவில்லை. 'பிழைக்க வழியில்லை', 'நிலையான இருப்பிடம் இல்லை', 'தீய வாழ்க்கையில் விழக்கூடும்' என்று காவலர் குற்றச்சாட்டுப் பதிவார். நீதிபதி உத்தரவு போடுவார். பிள்ளை அரசின் பொறுப்புக்குப் போய்விடும். வறுமை ஒரு குற்றச்சாட்டு. எதிரி, பால்பல்கூட விழாத ஒரு குழந்தை. அதற்காக வாதாட வக்கீல் இருப்பதே அரிது.

இப்படி எழுதப்பட்ட தாள் அழிந்துபோகவில்லை. டவுங்குரூங் பழங்குடியைச் சேர்ந்த லாரி வால்ஷ் என்ற கதைசொல்லி, 1950-களில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டபோது அவருக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. அந்த வயதிலேயே அவர் பெயரில் காவல்துறைப் பதிவு ஏறியிருந்தது. வளர்ந்தபின் அதற்கு எதிராக அவரும் மற்றவர்களும் பல ஆண்டு பேசினார்கள். குழந்தைகளின் பராமரிப்பு வழக்கையும் குற்ற வழக்கையும் வேறு வேறு பிரிவாக்கிய விக்டோரியச் சட்டம் 1989-இல்தான் வந்தது. பழைய பராமரிப்பு உத்தரவுகளைக் குற்றத் தண்டனையாகக் கருதக்கூடாது என்ற திருத்தம் வர 2010-களின் இறுதி ஆயிற்று.

இல்லத்துக்குள் என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகள் அப்போதே சொல்லாமலில்லை. கேட்டவர்கள் நம்பவில்லை. சுவரேறித் தப்பிய பையனைக் காவல்துறை பிடித்து, எங்கிருந்து தப்பினானோ அங்கேயே திரும்பக் கொண்டுபோய் விட்ட கதை, ஆஸ்திரேலியா முழுவதும் இத்தகைய இல்லங்களில் வளர்ந்தவர்களின் சாட்சியங்களில் அலுக்க அலுக்க வருகிறது. 2004-இல் கூட்டாட்சி செனட் குழு 'மறக்கப்பட்ட ஆஸ்திரேலியர்கள்' என்ற அறிக்கையை வெளியிட்டது. இருபதாம் நூற்றாண்டில் இல்லங்களிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் வாழ்ந்த பிள்ளைகள் ஐந்து லட்சத்துக்கும் மேல் என்று அது மதிப்பிட்டது. லியோனி ஷீடியும் ஜோயனா பென்கிளேஸும் இல்லங்களில் வளர்ந்தவர்களுக்காக 2000-இல் தொடங்கிய கிளான் அமைப்பு தட்டாத கதவில்லை. 2009 நவம்பர் 16 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்பு ஒன்று, விசாரணை வேறு. நிறுவனங்களில் குழந்தைகள்மீது நடந்த பாலியல் வன்கொடுமையை விசாரிக்க நீதிபதி பீட்டர் மெக்கிளெலன் தலைமையில் 2013-இல் தொடங்கிய அரச ஆணையத்துக்குச் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் அதிகாரம் இருந்தது. 2015 அக்டோபரில் அடிலெய்டில் நடந்த 33-ஆவது விசாரணையில் சேனையின் தெற்குப் பிரதேசத்தைச் சேர்ந்த நான்கு சிறுவர் இல்லங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. பேஸ்வாட்டரும் அதில் ஒன்று. ஒருகாலத்தில் அங்கே வளர்ந்த, இப்போது நரை விழுந்த ஆண்கள் சாட்சிக் கூண்டேறினார்கள். பலரின் பெயருக்குப் பதில் எழுத்துகளே பதிவாயின. அடியும் பாலியல் வன்கொடுமையும் அங்கே வெளிப்படையாகப் பேசப்பட்டன. சேனையின் ஆணையர் ஃப்ளாய்ட் டிட் வந்து மன்னிப்புக் கேட்டார். பால்யத்தில் கூண்டில் நின்றவர்கள் கேள்வியின் பக்கமும், அவர்களை வைத்திருந்த அமைப்பு பதிலின் பக்கமும் நின்ற காட்சி அது.

ஆணையத்தால் யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது என்பதையும் சொல்லவேண்டும். 2017 டிசம்பரில் அது இறுதி அறிக்கை தந்தபோது 8,000-க்கும் மேற்பட்டோர் தனி அமர்வுகளில் பேசியிருந்தார்கள். 2,500-க்கும் மேற்பட்ட விவகாரங்கள் காவல்துறைக்கும் பிற அமைப்புகளுக்கும் அனுப்பப்பட்டிருந்தன. இன்னொரு எண் சட்டக்காரர்களை உலுக்கியது: கொடுமைக்கு ஆளானவர் வாய்திறக்கச் சராசரியாக ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகின்றன. வழக்குப் போடக் காலக்கெடு வைத்திருந்த சட்டத்தின் நியாயம் அதில் நொறுங்கிப்போனது. விக்டோரியா அந்த அறிக்கைக்கு முன்பே, 2015 ஜூலை 1 முதல், குழந்தை வன்கொடுமை வழக்குகளுக்கு அந்தக் காலக்கெடுவை எடுத்துவிட்டது. சட்ட ரீதியாக ஆளில்லாத அமைப்பின்மீது வழக்கே போடமுடியாது என்ற பழைய தந்திரத்துக்கு 2018-இல் வழி அடைக்கப்பட்டது. இல்லாத நிறுவனம் எப்படிப் பிள்ளைகளை வளர்த்தது என்று அதுவரை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. அற்பத் தொகைக்குக் கையெழுத்து வாங்கி முடித்த பழைய சமரசங்களையும் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று 2019-இல் ஆயிற்று.

இதெல்லாம் வெள்ளைக்காரர் விவகாரம் என்று தமிழ் வாசகர் ஒதுங்கமுடியாது. இந்தியாவின் முதல் சிறுவர் சட்டம் 1920-இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. செங்கல்பட்டின் சீர்திருத்தப் பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதே ஊரின் அரசு கூர்நோக்கு இல்லத்தில் 2022 இறுதியில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான், ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள், நீதிநாயகம் கே. சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு இல்லங்களை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை தந்தது. பேசினில் அறுபது ஆண்டு பிடித்த கேள்வி, செங்கல்பட்டில் சில மாதங்களில் எழுந்தது என்ற வித்தியாசத்தைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லலாம்.

பிள்ளையார் கோயிலுக்கு வரும் சமூகத்துக்கும் தாளோடு போராடிய அனுபவம் உண்டு. 2009-இல் ஆஸ்திரேலியா வந்த ஓர் இலங்கைத் தமிழர் அகதி என்று அரசாலேயே ஏற்கப்பட்டார். ஆனால் பாதுகாப்பு உளவு அமைப்பான ஏசியோ அவருக்கு எதிராக மதிப்பீடு எழுதியதால் விசா மறுக்கப்பட்டு, தடுப்பு முகாமிலேயே இருந்தார். அவரைப்போல் ஐம்பதுக்கும் அதிகமானோர், பெரும்பாலும் தமிழர். எதற்காக அப்படி எழுதினார்கள் என்று முழுதாகப் பார்க்க அவர்களுக்கு உரிமை இல்லை. எம்47 என்ற எண்ணால் மட்டும் அறியப்படும் அந்த மனிதர் உயர் நீதிமன்றம் போனார். 2012 அக்டோபர் 5 அன்று நீதிபதிகளில் பெரும்பான்மையினர், விசாவை மறுக்க அடிப்படையான விதி செல்லாது என்றார்கள். அதே மாதத்தில், ஓய்வுபெற்ற நீதிபதி மார்கரெட் ஸ்டோன் அத்தகைய மதிப்பீடுகளை மறுபரிசீலனை செய்ய நியமிக்கப்பட்டார். அதன்பின் ஒவ்வொருவராகச் சிலர் வெளியே வந்தார்கள். மூன்று வயதில் எழுதப்பட்ட பதிவோ, உளவுத்துறையின் மூடிய மதிப்பீடோ, இரண்டிலும் எதிரி கேட்டது ஒன்றைத்தான்: என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள், காட்டுங்கள்.

பேஸ்வாட்டரில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோரிக்கை இன்னும் தீரவில்லை. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய நிவாரணத் திட்டம் அதிகபட்சம் 1,50,000 டாலர் தருகிறது. சேனையும் அதில் சேர்ந்திருக்கிறது. விண்ணப்பத்தில் எந்த இல்லம், எந்த ஆண்டு என்று எழுதவேண்டும். ஏழு வயதில் அடைக்கப்பட்டவருக்கு ஆண்டு நினைவிருப்பதில்லை. அதற்காக அரசின் துறையிடமும் சேனையிடமும் பழைய கோப்பைக் கேட்டு எழுதுகிறார்கள். சிலருக்கு முழுக் கட்டும் வருகிறது. சிலருக்கு ஒரேயொரு பதிவேட்டு வரி வருகிறது. விண்ணப்பம் போட 2027 ஜூன் 30 கடைசி நாள்.