தெருவில் முதலில், திரையில் பிறகு

பாட்டி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த வருஷம்தான் எங்கள் வீட்டுக்கு டிவி டியூனர் வந்தது. 2009 வாக்கில். வடக்குச் சித்திரை வீதி வீடு; ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். டிவி கூடத்தில் இருந்தது. பிக்சர் டியூப் வைத்த பழைய கனம். நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். பாட்டி படுத்திருந்ததோ காமிரா உள் என்கிற அறையில். கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்த நாள் முதல் ஒரு வைகுண்ட ஏகாதசிக்கும் பரமபத வாசலைத் தவறவிடாதவள். “இந்த வருஷம் கண்ணால பார்த்துட்டாப் போறும்டா” என்றாள். என்னிடம் ஒரு லேப்டாப் இருந்தது.

சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு கடையில் டிவி டியூனர் கேட்டேன். “டியூனர் பாக்ஸ்தானே சார்?” என்று எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் ரூம் எடுத்துத் தங்கும் கல்லூரிப் பையன்களிடம் இது பிரபலம். சிபியுவுக்கும் மானிட்டருக்கும் நடுவில் வைத்து, கேபிள் ஒயரைச் செருகினால் மானிட்டரே டிவி ஆகிவிடும்; கம்ப்யூட்டரைப் போடக்கூட வேண்டாம். வீட்டுக்கு வந்து லேப்டாப்பின் நீல நிற பதினைந்து துளை வாயில் அதைப் பொருத்தினேன். ஒன்றும் வரவில்லை. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் உறைத்தது: லேப்டாப்பில் அந்த வாய் படம் வெளியே போவதற்கு மட்டும்தான். பரமபத வாசலாவது வருஷத்துக்கு ஒரு தடவை திறக்கும். இது உள்ளே வருகிறவனுக்கு என்றைக்கும் திறக்காது.

மறுநாள் போய் நின்றால், “லேப்டாப்புன்னு நீங்க சொல்லவே இல்லையே சார்” என்றார் கடைக்காரர். நியாயம்தான். மேலே பணம் கொடுத்து கட்டைவிரல் அளவில் ஒரு யுஎஸ்பி டியூனர் குச்சியை வாங்கி வந்தேன்.

சின்னப் பொருள்தான், அதன் வேலை சின்னதில்லை. நம் ஊர் பால் (PAL) ஒளிபரப்பு முறைப் படம் ஒன்றுக்கு 720-க்கு 576 புள்ளிகள். நொடிக்கு 25 படங்கள். புள்ளிக்கு இரண்டு பைட். கணக்குப் போட்டால் நொடிக்கு சுமார் 20 மெகாபைட். பழைய யுஎஸ்பியில் நொடிக்கு ஒன்றரை மெகாபைட்தான் போகும். என் லேப்டாப்பில் இரண்டாம் தலைமுறை யுஎஸ்பி இருந்ததால் பிழைத்தேன். அரை மணியில் குச்சி வெந்நீர்ச் சொம்பு மாதிரி சுடும்.

கேபிள்காரர் ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டு ஒயரை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். பிரித்தால் சிக்னலும் பாதியாகும் என்பது படத்தில் தெரிந்தது. அதிலும் அதிர்வெண் ஏற ஏற ஒயரே சிக்னலை விழுங்கிவிடுமாம், கடைசிச் சேனல்களில் ஒரே புள்ளி மழை. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். படம் வருகிறது, சத்தம் மட்டும் இரைச்சலாக இருக்கிறது என்பதுதான் இரண்டு நாள் என்னைப் படுத்தியது. குச்சியோடு வந்த சி.டி.யில் நாடு என்ற இடத்தில் சீனா என்று இருந்தது. அங்கே படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 6.5 மெகாஹெர்ட்ஸ், நமக்கு 5.5. இந்தியா என்று மாற்றியதும் யாரோ ஒரு சீரியல் மாமியார் நடுக்கூடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தது காதில் விழுந்தது. பாட்டிக்கு உடனே கதை புரிந்துவிட்டது.

ஏகாதசி அன்று விடியற்காலை மூன்று மணிக்கே ஸ்டூலில் லேப்டாப்பை வைத்துவிட்டேன். கரண்ட் போனால் பேட்டரி தாங்கும், ஆனால் தெருவில் கேபிள்காரரின் ஆம்ப்ளிஃபயர் தாங்காது. அந்தக் கவலை வேறு. நல்லவேளை, போகவில்லை. தனியார் சேனல் ஒன்றில் நேரடி ஒளிபரப்பு. ரத்னாங்கி அணிந்து உற்சவர் நம்பெருமாள் மெல்ல வருகிறார். வர்ணனையாளர் விடாமல் பேசுகிறார். பாட்டிக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, திரையை அவள் பக்கம் சாய்த்தேன்.

திரையில் வாசல் மூடியே இருக்கிறது. அப்போது கொல்லைப் பக்கத்திலிருந்து, கூரை மேல் அலை புரண்ட மாதிரி, ‘ரங்கா! ரங்கா!’ என்று ஒரு முழக்கம். பாட்டியின் கை தானாகக் குவிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

திரையில் வாசல் இன்னும் மூடித்தான் இருந்தது.

கோவிலிலிருந்து எங்கள் வீடு நாலு எட்டு. நொடிக்கு 340 மீட்டர் போகிற சத்தம் ஒரு நொடியில் வந்துவிடும். அதே காட்சி கேமராவில் ஏறி, 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளுக்குப் போய் இறங்கி, ஸ்டுடியோவில் நுழைந்து, மறுபடி மேலே ஏறி இறங்கி, கேபிள்காரர் வீட்டு மாடித் தட்டில் விழுந்து, எங்கள் ஸ்டூலுக்கு வர வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் வழியில் மட்டும் அரை நொடி. அதைவிட, வழியெல்லாம் படத்தைச் சுருக்கி விரிப்பதில் போகும் நேரம் அதிகம். அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு டெல்லி வழியாகப் பத்திரிகை வந்த கதை.

“பாட்டி, கண்ணைத் திற. இப்போதான் திறக்கறா, பார்.”

“பெருமாள் ஏளியாச்சேடா” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

அந்தக் குச்சி அப்புறமும் பல வருஷம் உழைத்தது. 2017-இல் அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கி, தெருவில் பழைய அனலாக் ஒயர் ஊமையானதும் அதற்கும் வேலை போயிற்று. பாக்ஸின் மஞ்சள் ஒயரைக் குச்சியின் பக்கவாட்டில் செருகிக் கொஞ்ச நாள் ஓட்டினேன். இப்போது மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

அடுத்த மார்கழியில் நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனபோது பாட்டி கையை ஆட்டினாள்.

“அது ஒரு ஓரமா இருக்கட்டும். முதல்ல கொல்லைக் கதவைத் திறந்து வை.”