ஒளி இல்லாமல் ஒரு சார்பியல்

இது இயற்பியல் பதிவு. பயந்து ஓடிடாதீங்க மக்கா, சூத்திரம் ஒண்ணே ஒண்ணுதான். அதையும் வார்த்தையிலேயே சொல்லிடறேன் :-)

சிறப்புச் சார்பியலை ஐன்ஸ்டைன் 1905-ல் இரண்டு எடுகோள்களிலிருந்து தொடங்கினார். ஒன்று, சீரான வேகத்தில் போகிற எல்லோருக்கும் இயற்பியல் விதிகள் ஒரே மாதிரிதான். இரண்டு, ஒளியை உமிழும் பொருள் எப்படி நகர்ந்தாலும் ஒளியின் வேகம் மாறாது. முதலாவது யாருக்கும் உறுத்தாது. சீராக ஓடுகிற ரயிலுக்குள் நாணயத்தைச் சுண்டினால் நம்ம கையிலேயேதான் விழுகிறது. இரண்டாவதுதான் தொண்டையில் சிக்கும்.

போன பொங்கலுக்குக் கொல்லிமலை குண்டூர் நாட்டுக்குப் போயிருந்தப்ப, பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிற சித்தப்பா பையன் இதைத்தான் பிடிச்சுக்கிட்டான். "ஒளி மட்டும் என்னண்ணே அவ்ளோ ஸ்பெஷலு? ஏன்னு கேட்டா, அப்படியே மனப்பாடம் பண்ணுங்கறாங்க. இதுக்கு நான் வேற ஏதாச்சும் படிச்சிருக்கலாம்." படிப்பை விட்டுடலாமான்னு நிஜமாவே யோசிச்சுக்கிட்டு இருந்தான்.

அவன் கேள்வி நியாயமானது. பழசும்கூட. 1910-லேயே இக்னாடோவ்ஸ்கி என்கிற ரஷ்யர் இரண்டாவது எடுகோளைத் தூக்கிப் போட்டுட்டு, மிச்சத்தை வெச்சு எவ்வளவு தூரம் போகலாம்னு பார்த்தார். நம்ம ஊர்க்காரர் ஒருத்தரும் உண்டு. கொல்கத்தா சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தில் இருந்த பலாஷ் பரன் பால், 2003-ல் கல்லூரிக் கணக்கு மட்டுமே போதும் என்கிற அளவில் இதை எழுதினார்.

தேவைப்படுகிற எடுகோள்கள் மூணுதான். காரவள்ளியில் ஒரு மீட்டர் இருக்கிற கம்பி, எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி செம்மேடு போனாலும் ஒரு மீட்டர்தான். எந்தத் திசையும் உசத்தி இல்லை. சீராக நகர்கிறவர்களில் யாரும் உசத்தி இல்லை. அவ்வளவுதான். இதிலிருந்து வேகங்களைக் கூட்டும் விதி தானாக வந்து விழுகிறது: இரண்டு வேகங்களின் கூட்டலை, "ஒன்று கூட்டல் கே பெருக்கல் அந்த இரு வேகங்களின் பெருக்கல்" என்பதால் வகுக்கணும். கே என்பது ஒரு மாறிலி. அதன் மதிப்பைக் கணக்கு சொல்லாது.

கே பூஜ்யம்னா பழைய நியூட்டன் உலகம். எதிர்மம்னா, முன்னோக்கிப் போகிற இரண்டு பெரிய வேகங்களைக் கூட்டினால் பின்னோக்கி ஓடும் கூத்தெல்லாம் நடக்கும், அதைக் கழிச்சிடலாம். நேர்மம்னா, எல்லோருக்கும் பொதுவான ஒரு உச்ச வேகம் இருந்தே ஆகணும்.

எது நம்ம உலகம்? சோதனையைத்தான் கேட்கணும். 1851-ல் ஃபிஸோ ஓடும் தண்ணீருக்குள் ஒளியை அனுப்பினார். கே பூஜ்யமா இருந்தா தண்ணீரின் வேகம் முழுசாச் சேர்ந்திருக்கணும். சேர்ந்தது சுமார் 44 சதவீதம்தான். ஒளியே வேண்டாமா? 1964-ல் பெர்டோஸி எலக்ட்ரான்களுக்கு மேலும் மேலும் ஆற்றல் கொடுத்துப் பார்த்தார். வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டரை நெருங்கியது, தாண்டவில்லை.

ஆக, அந்த உச்ச வேகம் வெளிக்கும் காலத்துக்கும் சொந்தமானது. நிறை இல்லாததால் ஒளி அந்த வேகத்தில் போகிறது. நாளைக்கே ஒளித்துகளுக்குத் துளி நிறை இருக்குன்னு கண்டுபிடிச்சாலும் சார்பியல் விழாது, ஒளிதான் கொஞ்சம் மெதுவாகும்.

தம்பி ரெண்டு ராத்திரி உட்கார்ந்து, கே வரும் வரைக்கும் தானே போட்டுப் பார்த்துட்டான். படிப்பை விடற பேச்சு இப்ப இல்லை. வகுப்பெடுக்கிற நண்பர்கள் இங்கே நிறைய பேர் இருக்கீங்க. நீங்க எந்த எடுகோளில் ஆரம்பிப்பீங்க, சொல்லுங்களேன்.