பக்கத்து மிஷினில் வருகிறதா?

மாரண்டஹள்ளியில் பைப், மோட்டார், சொட்டுநீர் ஓஸ் விற்கும் கடை ஒன்றில் ரொம்ப காலம் கணக்கெழுதினேன். தக்காளிக்காரர்கள்தான் முக்கால்வாசி வாடிக்கை. தமிழில் விலை கேட்பார்கள், தெலுங்கில் பேரம் பேசுவார்கள், கோபம் வந்தால் கன்னடம். அதையெல்லாம் சமாளித்தவனுக்குக் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் பயம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அது இருக்கும் அறைக்குள் போவேன். இன்றைக்குப் பேரன் லேப்டாப்பின் மேலேயே தட்டை வைத்துச் சாப்பிடுகிறான்.

2007 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் வாட் வரி. சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது வசூலிக்கும் வரியில் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டினால் போதும் என்றார்கள். ஆடிட்டர் ‘இன்புட்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எதற்கு 4 சதவீதம், எதற்கு 12.5 சதவீதம் என்று பிரித்துப் பேரேட்டில் எழுதி மாளாது என்பதால் முதலாளி புது பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கினார். அதைப் போட்டது கல்லாவிலிருந்த மிஷினில். என்னுடையது உள்ளறையில். நடுவில் கேபிள் இழுத்து, கல்லா மிஷினின் டிஸ்க்கை என் மிஷினில் ‘இசட்’ டிரைவாகக் காட்டிவிட்டார்கள். சாஃப்ட்வேர் இருப்பது அங்கே, ஓட்டுவது இங்கே.

“சந்தேகம்னா எஃப்1 அமுக்குங்க சார், எல்லாம் வரும்” என்று சொல்லிவிட்டுப் போனார் போட்டுக்கொடுத்த தம்பி.

அமுக்கினேன். இடது பக்கம் கொள்முதல், விற்பனை, வரி, இருப்பு என்று தலைப்புகள் ஒழுங்காக வந்தன. எதைத் தொட்டாலும் வலது பக்கம் வெள்ளை. பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பலகையில் இருபது பலகாரம் எழுதிவைத்து, எதைக் கேட்டாலும் ‘தீர்ந்துபோச்சுங்க’ என்று சொல்லும் ஓட்டல் மாதிரி இருந்தது.

போன் போட்டோம். தர்மபுரியிலிருந்து பஸ் ஏறி அதே தம்பி வந்தார். சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி போட்டார். வெள்ளை. ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தார். வெள்ளை. சி.டி. கீறலாக இருக்கும் என்று வேறு சி.டி. எடுத்துவந்தார். அதற்குள் கடையில் எல்லோரும் நிபுணர்களாகிவிட்டார்கள். லோடு இறக்க வந்தவர்கூட கரண்ட் சரியில்லை என்றார். முதலாளி தம்பியிடம் நேராக எதுவும் சொல்லவில்லை. அவர் காதில் விழும்படி என்னிடம் சொன்னார். பையனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஓஸ் வாங்க வந்த ஒரு விவசாயி பில்லுக்காக நின்றார். கூட அவருடைய மகள். கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறவளாம். எட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

“ஏனுங்கண்ணா, இது அந்த கல்லா மிஷின்ல வருதுங்களா?”

யாருக்கும் பதில் தெரியவில்லை. கெட்டுப்போன இடத்தையே இத்தனை பேர் சுற்றி நின்றோம். நன்றாக ஓடுகிற இடம் ஒன்று இருக்கிறதா என்று ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை. கல்லாவில் போய் எஃப்1 அமுக்கினால், படத்தோடு எல்லாம் வந்தது. முதலாளிக்குத் தன் கல்லாவில் அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் தெரியும்.

அந்த உதவிக் கோப்பு ‘சி.எச்.எம்.’ என்ற வகை. மைக்ரோசாஃப்ட் 1997-இல் கொண்டுவந்தது. வெளியே புத்தகம் மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பவை வலைப்பக்கங்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் உறுப்புகள்தான் அவற்றைத் திறந்து காட்டும். வலைப்பக்கத்துக்குள் கெட்ட கட்டளையையும் மறைத்துவைக்கலாம் அல்லவா? அப்படி வைக்கிறவர்களுக்குப் பயந்து, 2005 ஜூன் மாதப் பாதுகாப்பு அப்டேட்டில் ஒரு தடை போட்டார்கள்: சொந்த டிஸ்க்கில் இல்லாத சி.எச்.எம். கோப்பின் பக்கங்கள் திறக்காது. தலைப்புகள் மட்டும் தெரியும். பத்தடி தள்ளியிருந்த கல்லா மிஷினும் என் மிஷினுக்கு வெளியாள்தான். திருடனுக்குப் போட்ட காவல் வீட்டு ஆளையே வாசலில் நிறுத்திவிட்டது. இன்றைக்கும் வெளியிலிருந்து வந்த சி.எச்.எம். வெள்ளையாக நின்றால், அதை வலது கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸில் ‘அன்பிளாக்’ கொடுத்தால் பெரும்பாலும் திறந்துவிடும்.

 வாட் வந்த அந்த 2007 ஜனவரி, கம்ப்யூட்டர் உதவிகளுக்கே போதாத மாதம். வேர்டில் உதவிக்கென்று ஓரமாக நின்று கண்ணை உருட்டும் பேப்பர் கிளிப்பை 1997 பதிப்பில் கொண்டுவந்தார்கள்; 2007 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அந்த ஜனவரி 30-ஆம் தேதிதான் அந்தப் பதிப்பும் விண்டோஸ் விஸ்டாவும் ஒன்றாக விற்பனைக்கு வந்தன. விஸ்டாவில், பழைய ‘எச்.எல்.பி.’ உதவிக் கோப்புகளைத் திறக்கும் நிரலையே சேர்க்கவில்லை. வேண்டுமென்றால் தனியாக இறக்கிக்கொள் என்றார்கள். கிளிப்புக்காக வருத்தப்பட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண் கோப்பை ‘இசட்’டிலிருந்து என் ‘சி’ டிரைவுக்கு நகல் எடுத்து, டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வைத்தாள். எஃப்1 அமுக்கினால் அப்போதும் வெள்ளைதான். ஷார்ட்கட்டைத் தட்டினால் திறந்தது. அதைவிட, அவள் அடுத்துச் செய்ததுதான் இத்தனை வருஷமும் மனசில் நிற்கிறது. முதலாளி வாயைத் திறக்குமுன் அவரைப் பார்த்துச் சொன்னாள்: “அண்ணா போட்டது சரியாத்தானுங்க இருக்குது. விண்டோஸ்தான் உள்ள விடல.”

அது உண்மையும்கூட. ஆனால் பத்துப் பேர் பார்க்க ஒருத்தர் தலைகுனிந்து நிற்கும்போது, அவருக்குச் சாதகமான உண்மையைத் தேடி எடுத்து முதலில் சொல்ல எல்லோருக்கும் தோன்றாது. எனக்கு அந்த வயதில் தோன்றியிருக்காது. வேலை தெரிந்ததைக் காட்டிக்கொள்ளத்தான் தோன்றியிருக்கும். முதலாளி தம்பிக்கு டீ சொன்னார்.

டீ வந்தது. ஷார்ட்கட்டைத் திறந்து, வரி என்ற தலைப்பைத் தட்டி, அதன் கீழே வாட், இன்புட் என்று நானே தேடிப் பிடித்தேன். எல்லோரும் என் தோளுக்கு மேலே குனிந்தார்கள். அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு வரி: விவரங்களுக்கு உங்கள் விற்பனையாளரை அணுகவும்.

தம்பி டீ கிளாஸை வைத்துவிட்டு, “உங்க ஆடிட்டர் நம்பர் இருக்குங்களா சார்?” என்று கேட்டார்.