பின்னிருக்கை இல்லாத வண்டி

திருவண்ணாமலையில் இருக்கிறேன் என்று சொன்னால் உடனே கிரிவலத்தைப் பற்றிக் கேட்பார்கள். இது வேறு திருவண்ணாமலை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி இருக்கும் கிராமம். குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையம், சிவகாசி என்று சுற்றுவட்டாரமே இங்கே திரளும். தென்திருப்பதி என்பார்கள். ஊரின் பெயர் இன்னொரு ஊருக்கும் உண்டு. கோயிலின் பட்டப்பெயர் இன்னொரு மலையிலிருந்து வந்தது. அந்த ஊருக்குத்தான் சென்ற தை மாதம் ஒரு ரெக்கவரி லாரியின் முதுகில் என் கார் வந்தது.

கரும்பச்சை நிறம். கூரை கிடையாது, மழைக்கு இழுத்து மூட ஒரு கேன்வாஸ் துணி. இரண்டே இருக்கைகள். இங்கிலாந்தில் 1962இல் வெளிவந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்துச் செய்த நகல் இது. கோயம்புத்தூரில் ஒரு பொறியாளர், பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டின் உடலைக் கழற்றிவிட்டு, அதன் சேஸிஸ் மேல் ஃபைபர் உடலைப் பொருத்தி 1970களின் கடைசியில் செய்தார். அவர் போன பிறகு அவர் மனைவி விற்றார். நிலுவைச் சம்பளம் மொத்தமாக வந்த வருடம் அது. மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கொடுத்து வாங்கினேன்.

பலகை போட்டு வண்டியை இறக்குவதற்குள் தெருவே கூடிவிட்டது. முதல் கேள்வி, யாருக்கு வண்டி என்பது. எனக்கு என்றேன். அடுத்தது, எத்தனை பேர் போகலாம். இரண்டு பேர். அப்போது எதிர்வீட்டு அத்தை குனிந்து இருக்கைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இங்கன கொஞ்சம் எடம் கெடக்கே. ஒரு பிள்ளைய உக்கார வச்சுக்கிடலாம்."

அந்த இடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் இங்கிலாந்துக்காரர்கள் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஹெரால்டில் 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயரில் 83. கோயம்புத்தூர்க்காரர் சேஸிஸை வெட்டவில்லை. அதனால் என் வண்டி அசலைவிட எட்டரை அங்குலம் நீளம். அந்த எட்டரை அங்குலம்தான் அத்தையின் கண்ணில் பட்டது. பிள்ளையே இல்லாத என் வண்டியில் பிள்ளைக்கு இடம் கண்டுபிடித்துவிட்டார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பெண்ணின் கையில் ஒரு வண்டி வந்தால் அதில் யாரை ஏற்றப் போகிறாள் என்று கேட்பதுதான் உலக வழக்கம். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் செய்த மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமல் எடுத்துக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம். அதிலும் இரண்டு மகன்கள் கூட இருந்தார்கள். போன இடம் அம்மா வீடு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பியதற்கு ஒரு காரணத்தைப் பத்திரிகையாளர் சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்: இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருக்கும் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம். 1993இல் அரசுப் பேருந்து ஓட்ட வந்த வசந்தகுமாரி ஊரையே ஏற்றிக்கொண்டு போனார். 2018இல் அரசு பாதி விலை மானியத்தில் ஸ்கூட்டர் கொடுத்ததும் வேலைக்குப் போகும் பெண்களுக்குத்தான். இவை ஒவ்வொன்றும் பெரிய காரியம். புதுக்கோட்டை சைக்கிள்களைப் பற்றி வகுப்பில் பேசும்போது இன்றும் எனக்குக் குரல் தடுமாறும். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. பெண்ணின் சக்கரத்துக்கு எப்போதும் ஒரு காரணம் வேண்டியிருக்கிறது: பிள்ளை, தண்ணீர்க் குடம், வேலை, ஆஸ்பத்திரி. சும்மா போவதற்கு ஒரு வண்டி வேண்டும் என்று அவள் சொல்ல முடிவதில்லை.

என் வீட்டில் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக மாருதி ஒன்று ஏற்கெனவே நிற்கிறது. அதற்கு யாரும் காரணம் கேட்டதில்லை. இதற்குத் தம்பி போனில் கேட்டான்.

"அந்தக் காச அம்மா பேர்ல டெபாசிட் போட்டிருக்கலாம்லக்கா."

அவன் அதற்கு முந்தைய வருடம் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மோட்டார் சைக்கிள் வாங்கினான். அதன் பின்சீட்டில் அவன் மனைவியே உட்கார மறுக்கிறாள், அவ்வளவு உயரம். அந்தக் காசு எந்த டெபாசிட்டுக்கும் போயிருக்கலாம் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வண்டி வந்த அன்றே ஓட்ட முடியவில்லை. இது மாதிரிக் கையால் செய்த வண்டிகள் கைக்கு வந்த பிறகுதான் வேலையே தொடங்கும். டயர்களில் பட்டன் தேயாமல் பளபளவென்றிருந்தது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 1411 என்றிருந்தது, 2011ஆம் வருடத்தின் பதினான்காவது வாரம். ரப்பர் கல்லாகியிருந்தது. நான்கையும் மாற்றினோம். பிரேக் ஆயில் காப்பி நிறத்தில் வந்தது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பழசானால் பிரேக் நம்ப முடியாது. பெட்ரோல் குழாய்கள் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குத் தாங்காத பழைய ரப்பர். அவற்றையும் மாற்றியாயிற்று.

மின்சாரம்தான் ஒரு மாதத்தை விழுங்கியது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரிந்தது. ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள் எகிறியது. சாதாரணக் காரில் உடல் இரும்பு. விளக்குக்குப் போன மின்சாரம் அந்த உடல் வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். ஃபைபர் உடலில் திரும்பும் வழி கிடையாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக ஒரு எர்த் வயர் இழுக்க வேண்டும். இருந்த சில வயர்களும் பாசி பிடித்துப் பிடிப்பு விட்டிருந்தன. வழியில்லாத மின்சாரம் பக்கத்து விளக்குக்குள் நுழைந்து ஓடிக்கொண்டிருந்தது. எல்லா வயரையும் சேஸிஸில் ஒரே பித்தளை போல்ட்டில் கொண்டுவந்து கட்டினோம். நான் வரைந்த படத்தை வைத்து, வயரின் முனைக்கு முனை சின்னத் துண்டுத் தாளில் பேரெழுதி ஒட்டினேன். சுவடிகளுக்கு அட்டவணை போட்ட பழக்கம்.

மெக்கானிக் ராஜபாளையத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். ஹெரால்டு ஓடிய காலத்தில் கை பழகியவர். முதல் மூன்று வாரம் பதிலை என் பக்கத்தில் நின்ற மாணவியின் அண்ணனைப் பார்த்தே சொன்னார். அவனுக்குக் காரே ஓட்டத் தெரியாது. டிரன்னியன் விஷயத்தில்தான் அது மாறியது.

ஹெரால்டில் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை மரை போட்டது. அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். வளைவில் ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும். அதன் பெயர்தான் டிரன்னியன். அதற்குள் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் அது கெட்டிப்பட்டு நிற்கும், மரைக்குள் போய்ச் சேராது. ஈரம் தங்கித் தண்டை அரிக்கும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் உள்ளே மடங்கிவிடும்.

"டீச்சர், நாப்பது வருசமா கிரீஸ்தான் அடிக்கோம்" என்றார்.

"கழற்றிப் பாத்துருவோம் அண்ணாச்சி. நல்லா இருந்தா நீங்க சொன்னபடியே."

கழற்றினார். வலதுபக்கத் தண்டின் மரையில் துரு குழிகுழியாக இருந்தது. நகத்தால் நெருடிப் பார்த்தார். பட்டறையில் ரேடியோ மட்டும் கேட்டது. பிறகு என் சர்வீஸ் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்துப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அன்றிலிருந்து என்னைப் பார்த்துப் பேசுகிறார். புதுத் தண்டும் கட்டையும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம். ஐம்பது வருடத்துக்கு முன் நின்றுபோன வண்டிக்கு அங்கே இன்னும் பாகம் செய்கிறார்கள்.

இருக்கை இன்னொரு கதை. செய்தவர் ஆறடி மனிதர். அவர் காலுக்கு ஏற்ற தூரத்தில் இருக்கையை நிரந்தரமாக போல்ட் அடித்திருந்தார். கிளட்சை முழுதாக மிதிக்க நான் இருக்கையின் நுனிக்கு வர வேண்டும். லேத் பட்டறையில் புதுக் கிளாம்பு செய்து நான்கு அங்குலம் முன்னால் கொண்டுவந்தோம். அமெரிக்க விபத்துப் பதிவுகளை வைத்து 2011இல் வந்த ஓர் ஆய்வு, சீட் பெல்ட் போட்டிருந்தும் பெண் ஓட்டுநர்களுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட 47 சதவீதம் அதிகம் என்றது. மோதல் சோதனைப் பொம்மைகள் நெடுங்காலம் சராசரி ஆணின் அளவிலேயே இருந்தன. கோடிக்கணக்கில் செய்யும் கம்பெனிகளே அப்படி என்றால், தன் வீட்டு ஷெட்டில் தனக்காகச் செய்த மனிதரிடம் எனக்கு வருத்தமில்லை. அவருடைய போல்ட்டு ஓட்டைகள் நான்கும் தரையில் அப்படியே இருக்கின்றன.

டூப்ளிகேட் வண்டிக்கா இவ்வளவு என்று கல்லூரி ஓய்வறையில் ஒருவர் கேட்டார். தமிழ்த்துறைக்காரியிடம் கேட்கக் கூடாத கேள்வி. பனையோலை சில நூற்றாண்டுக்கு மேல் நிற்காது. சங்கப்பாட்டு நம் கைக்கு வந்ததே, நைந்த சுவடியைப் பார்த்து யாரோ புதுச்சுவடியில் படி எடுத்துக்கொண்டே இருந்ததால்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையிலிருக்கும் கிளியை இலையும் பூவும் வைத்து, மாதுளம் பூவில் மூக்கு வைத்துத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். நேற்றுக் கிளிதான் அசல் என்று யாரும் சொல்வதில்லை. ஸ்பிட்ஃபயரே ஹெரால்டின் மேல் எழுந்தது. இரண்டையும் வரைந்தவர் ஒரே இத்தாலியர், மிக்கெலோட்டி. அந்த ஹெரால்டைப் படி எடுத்து 1961 முதல் சென்னையில் செய்தார்கள். இதில் அசலை எங்கே நிறுத்துவது?

சட்டம் மட்டும் அசலை இறுகப் பிடித்துக்கொள்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரித்தவர் கொடுத்த அமைப்பை உரிமையாளர் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. என் வண்டியின் மாற்றம் பழைய சட்டக் காலத்திலேயே ஆர்.சி.யில் ஏறியிருந்ததால் பிழைத்தது. இன்று ஒரு பெண் தன் ஷெட்டில் இப்படி ஒன்று செய்தால் சாலைக்கு வராது.

வண்டியை விற்ற அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. படிவங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீயே ஓட்டிக்குவியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். முப்பது வருடம் இடது இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். வண்டி வளைவில் எப்படி நடக்கும் என்று அவர்தான் சொன்னார்: "திருப்பத்துல பயந்து காலை எடுத்துறாத. பின்னாடி தூக்கும்." ஹெரால்டின் பின்சக்கரங்கள் அச்சோடு ஊசலாடுபவை, வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் சக்கரம் உள்பக்கம் மடிந்து வால் வெளியே வீசும். ஆங்கிலப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை, ஸ்டியரிங்கையே தொடாதவர் ஒரே வரியில் சொன்னார். உங்களுக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். "கேட்டதில்ல" என்றார். யார் யாரைக் கேட்டதில்லை என்பது எனக்கு இன்றும் தெளிவாகவில்லை.

சித்திரையில் முதன்முறையாக வத்திராயிருப்பு வழியாகப் பிளவக்கல் அணை வரை போனேன். தனியாகத்தான். வேலை ஒன்றுமில்லை. விடியற்காலை, மலையிலிருந்து இறங்கிய காற்று முகத்தில் நேராக அடித்தது. அணைக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் மாட்டுவண்டி எதிரே வர, கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டு எழப் பார்த்தது. அழுத்தியே வைத்திருந்தேன். பின்சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்ததும் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு அவரிடம் சொன்னேன். எந்தத் திருப்பம், எந்தக் கியர் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார்.

எட்டரை அங்குல இடத்தில் இப்போது கியர் ஆயில் டின், ஸ்பானர் பை, ஒரு தண்ணீர் பாட்டில். அத்தை இன்னும் ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்க்கிறார். எல்லாம் சரியாகிவிடவில்லை. இடதுபக்கம் முழுதாக ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கிறது. ஸ்டியரிங் தண்டுக்குள் வயர் எங்கோ உரசுகிறது. அண்ணாச்சி சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், புத்தகத்தோடு.