ரசீது இருக்கா, அண்ணாச்சி?

பிச்சை எடுப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் புரட்டாசி மாசம் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நடை வந்து பார்க்க வேண்டும். பாங்க் ஆபீஸர் பிச்சை எடுப்பார். ஜவுளிக் கடை முதலாளி பிச்சை எடுப்பார். துபாயில் லீவு சொல்லி, பிளேன் டிக்கெட் எடுத்து வந்து பிச்சை எடுக்கிறவர்களும் உண்டு. டிக்கெட் காசைக் கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். ஆனால், யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

ஊர், குலசேகரன்பட்டினம். திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலோரம். காரணம், முத்தாரம்மன்.

மைசூர் தசராவில் யானை அம்பாரி சுமந்து போகும். எங்கள் தசராவில் கணக்குப்பிள்ளை கரடி வேஷத்தில் போவார். பிள்ளைக்குக் காய்ச்சல் விட வேண்டும், மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் கொடியேறியதும் காப்புக் கட்டி வேஷம் போடுவார்கள். காளி, குறத்தி, அனுமார், போலீஸ், பைத்தியக்காரன், பிச்சைக்காரன் எல்லாம் உண்டு. காளி வேஷத்துக்கு விரதம் கடுமை. மேளத்தோடு குழு குழுவாக ஊர் ஊராகப் போய், "முத்தாரம்மனுக்குத் தர்மம் போடுங்க" என்று கை நீட்டி, சேர்ந்த காசை அம்மன் உண்டியலில் போட வேண்டும். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். லட்சக்கணக்கில் கூட்டம்.

எனக்குப் பல வருஷமாகப் பிச்சைக்கார வேஷம். முதல் வருஷம் முகத்தில் கரி பூசிக்கொண்டிருந்தபோது என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "எதுக்கு வீணா மேக்கப்? அப்படியே போங்க, நம்புவாக" என்றாள்.

இந்த வேஷம் எதற்கு என்று சின்ன வயசில் எங்கள் சித்தப்பாவைக் கேட்டிருக்கிறேன். "உன் பவுசைக் கழட்டி ஆணியில மாட்டத்தாம்ல. கை நீட்டிப் பாத்தவனுக்குத்தான் குடுக்கத் தெரியும்" என்றார். அது முழுசாகப் புரிய எனக்குப் பேரன் எடுக்கும் வயசாக வேண்டியிருந்தது.

ஊருக்கு வெளியே உடைமரக் காட்டோரம், புறம்போக்கில் சில குடிசைகள். பாசி ஊசி விற்பவர்கள், கத்திக்குச் சாணை பிடிப்பவர்கள், பழைய இரும்பு பொறுக்குகிறவர்கள். கூரை என்பது போன வருஷத் திருவிழா பேனர். மேலே தலைவர் இரண்டு கையையும் கூப்பிச் சிரித்துக்கொண்டிருப்பார். கீழே மழை ஒழுகும். தசரா பத்து நாளும் அந்தப் பிள்ளைகளும் கூட்டத்தில் கை நீட்டுவார்கள். குறத்தி வேஷக்காரருக்குப் பத்து ரூபாய் போட்டுக் கும்பிடுகிற ஜனம், உடனேயே பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து, "சீ, தள்ளிப் போ" என்னும். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களையும் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு தசரா முடிந்து காப்பு அவிழ்த்த மறுநாள், எங்கள் குழுவில் நாலைந்து பேர் டீக்கடையில் இதைப் பேசினோம். அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும். அம்மன் காசில் ஒரு பைசா தொடக் கூடாது. அது வேறு, இது வேறு. இன்னொரு சுற்றுப் போவோம், வேஷம் இல்லாமல்.

போனோம் ஸார். அப்போதுதான் தெரிந்தது. வேஷம் போட்டால் பத்து ரூபாய், வேஷத்தைக் கலைத்தால் பத்துக் கேள்வி! போன வாரம் எனக்கு ஐம்பது ரூபாய் போட்டுக் கும்பிட்ட அதே மளிகைக் கடைக்காரர், கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, "ரசீது இருக்கா, அண்ணாச்சி?" என்றார். சாயங்காலம் வரை நடந்து 340 ரூபாய். மேளக்காரர், "நான் வேணும்னா போய்க் காளி கிரீடத்தை எடுத்துட்டு வரவா?" என்றார்.

இந்த மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. அந்தக் காலத்துப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். கோயிலுக்கோ, சர்ச்சுக்கோ, இல்லாத வீட்டுக்கோ அது போகும். பிடியரிசி என்று பெயர். 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது இதே தூத்துக்குடிச் சீமையிலுள்ள எட்டயபுரத்தில். அன்றைக்கு அரசாங்கப் பணத்தோடு ஊர்க்காரர்கள் கொடுத்ததும் சேர்ந்துதான் பிள்ளைகள் தட்டில் சோறானது. அதற்காக ஊர் ஊராகப் பிச்சை எடுக்கவும் தயார் என்று முதலமைச்சரே சொன்னதாக இன்றும் பேசிக்கொள்கிறார்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு வந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. ஆக, சோறு இருக்கிறது. ஆனால் அந்தத் தட்டை நீட்ட, பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் பேர் இருக்க வேண்டுமே!

அதைத்தான் அந்தக் குடிசையில் ஒரு தாய் எங்களுக்குச் சொன்னாள். நாங்கள் பெருமையாக அரிசிப் பையோடு போய் நின்றோம். வாங்கிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "சோறு போட நெறையப் பேரு வாராக சாமி. பொறந்த நாளுக்குப் பிரியாணி போட்டு போட்டோ புடிச்சிட்டுப் போவாக. கூட வந்து நிக்கத்தான் ஆளில்ல" என்றாள்.

எங்கே நிற்க? ஆபீஸ் வாசலில். விலாசம் இல்லாமல் கார்டு இல்லை. கார்டு இல்லாமல் விலாசம் இல்லை. பிரசவம் பாதை ஓரத்தில் நடந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மேலதிகாரி உத்தரவு வேண்டும். அவர்கள் போனால் வாட்ச்மேனைத் தாண்ட முடியாது. நாங்கள் போனால், வெள்ளை வேட்டிக்காகவாவது "உக்காருங்க" என்பார்கள். சித்தப்பா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொடுக்கிறதற்கு முன்னால், அவர்களுக்காக நாம் போய்க் கை நீட்ட வேண்டியிருக்கிறது.

எங்களோடு ரிடையரான டீச்சரம்மா ஒருவர் சேர்ந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் (பேர் வேண்டாம்) எட்டு வயசுப் பெண்ணைச் சேர்க்கப் போனோம். "பர்த் சர்டிபிகேட்?" இல்லை. "ஆதார்?" இல்லை. "அப்ப கம்ப்யூட்டர் ஏத்துக்காதுங்க" என்றார் அங்கிருந்தவர். டீச்சரம்மா அசரவில்லை. "2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டம் இருக்கு. வயசுச் சான்று இல்லைன்னு எந்தப் பிள்ளைக்கும் அட்மிஷன் மறுக்கக் கூடாதுன்னு அதுல எழுதியிருக்கு. கம்ப்யூட்டருக்கு நான் அப்புறமா எடுத்துச் சொல்லிக்கிறேன். நீங்க மொதல்ல நோட்டுல பேரை எழுதுங்க சார்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, மேலே கேட்பார்களே என்ற பயம்தான். எழுதினார்.

முதல் நாள் காலை உப்புமா. பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியைக் காகிதத்தில் மடித்துப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டது அந்தப் பெண். கேட்டால், "தம்பிக்கு" என்றது. தம்பிக்கு மூன்று வயசு. யாரும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை நாங்கள் அங்கன்வாடி வாசலில் நின்றோம்.

வெற்றிக் கதை என்று எழுத ஆசைதான். ஆனால் பதினோரு பிள்ளைகளில் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போவது ஏழு. இரண்டு பேரைக் குடும்பம் வேற ஊருக்குப் பிழைக்கக் கூட்டிப் போய்விட்டது. இரண்டு பேர் இன்னும் பஸ் ஸ்டாண்டில் பாசி விற்கிறார்கள். தினம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். 2024 பிப்ரவரியில் எங்கள் ஊரில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ரொம்பப் பெருமை. இங்கிருந்து ஆகாசத்துக்கு வழி பிறக்கப் போகிறது. அதற்குள் உடைமரக் காட்டிலிருந்து ஒண்ணாம் வகுப்புக்கு வழி பிறந்தால் போதும் என்பது எங்கள் சின்ன ஆசை.

எங்களுக்கு மூன்றே சட்டம். பிள்ளைகள் கையில் காசு கொடுப்பதில்லை. போட்டோ எடுப்பதில்லை. வாரம் ஒரு நாள் யாராவது ஒருத்தர் ஏதாவது ஒரு வரிசையில் நிற்க வேண்டும். ஆஸ்பத்திரியோ, தாலுகா ஆபீஸோ, ரேஷன் கடையோ. மாசக் கடைசியில் பணம் கையைக் கடிக்கும். ஆனால் நிற்பதற்கு ஆள் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். நூறு ரூபாய் கேட்டால் இருநூறு தருகிறவர்கூட அரை நாள் கேட்டால், "இன்னைக்குக் கொஞ்சம் வேலை" என்கிறார்.

மளிகைக் கடைக்காரர் விஷயம் சொல்ல வேண்டும். அவர் கேட்டதில் தப்பே இல்லை என்று ரசீதுப் புத்தகம் அடித்தோம். முதல் ரசீதை அவருக்கே கிழித்தோம். வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கல்லாவில் வைத்தார். போன மாசம், சான்றிதழ் வாங்க ஆள் இல்லாத ஒரு நாளில், கடையை மச்சானிடம் விட்டுவிட்டு அவரே வந்து மூன்று மணி நேரம் நின்றார். "கால் வலிக்குவே" என்றாரே தவிர, போகவில்லை.

அடுத்த புரட்டாசியில் எங்கள் குழு மேளத்தோடு உங்கள் தெருவுக்கு வந்தால், அம்மனுக்குப் போடுங்கள். ஐப்பசியில் வேஷமில்லாமல் வந்தால் தாராளமாக ரசீது கேளுங்கள். உங்கள் ஊர் ஓரத்திலும் பேனர் கூரைகள் இருக்கும், பாருங்கள். ஒரு நாள் அவர்களோடு போய் வரிசையில் நில்லுங்கள்.

மேக்கப் தேவையில்லை.