நூலகத்தில் டீ போட்ட பையன்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள். ஆனால் 1991ல் பத்தாம் வகுப்பு முடித்த செட் மட்டும் கடைசி வரி வரை கட்டாயம் படிக்க வேண்டும். காரணம் கடைசியில் இருக்கிறது.

‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படத்தை உங்களில் பாதிப் பேராவது பார்த்திருப்பீர்கள். அந்தக் கதையை எழுதியவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். யாரைப் பற்றிப் படித்தாலும் அவர் எந்தப் பள்ளியில் படித்தார், வாத்தியார் யார், கூடப் படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடுவது என் வழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வாத்தியார் புத்தி போகவில்லை. டோல்கீனைப் பற்றியும் அப்படித்தான் தேடினேன். கிடைத்த விஷயம் பல நாள் என்னைத் தூங்க விடவில்லை.

இங்கிலாந்தில் பர்மிங்காம் என்று ஒரு தொழில் நகரம். அங்கே கிங் எட்வர்ட்ஸ் பள்ளி 1552ல் தொடங்கப்பட்டது. டோல்கீன் 1900ல், எட்டு வயதில் அங்கே சேர்ந்தார். நாலு வயதிலேயே அப்பா இல்லை. பன்னிரண்டு வயதில் அம்மாவும் போய்விட்டார். ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்தான் பொறுப்பெடுத்து வளர்த்தார். இப்படிப்பட்ட பையனுக்குப் பள்ளிக்கூடமும் கூட்டாளிகளும்தான் வீடு. நம் பள்ளியிலும் அப்படி எத்தனை பேர் இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நம் பள்ளி நூலகம் உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு பீரோ, ஒரு பெஞ்சு, சாவி என் சட்டைப் பையில். அந்தப் பள்ளியில் பெரிய வகுப்புப் பையன்களே நூலகத்தைக் கவனித்துக்கொண்டார்கள். 1911ல் பரீட்சை சமயம். நூலகத்துக்குள் திருட்டுத்தனமாக ஸ்பிரிட் அடுப்பு வைத்து டீ போட்டுக் குடிக்க ஆரம்பித்தார்கள். அதற்கு ‘டீ கிளப்’ என்று பெயர். பிறகு பாரோஸ் ஸ்டோர்ஸ் என்ற கடையின் டீ அறையில் கூடியதால் ‘பாரோவியன் சொசைட்டி’ என்று இன்னொரு பெயர். இரண்டையும் சேர்த்து டி.சி.பி.எஸ். பதினெட்டு வயதில் இப்படி ஒரு பெயர் வைத்துக்கொள்ளாத செட் உண்டா?

அந்தக் கூட்டத்தின் உயிராக இருந்தவர்கள் நாலு பேர். மொழிப் பைத்தியம் டோல்கீன். கணக்கிலும் இசையிலும் கெட்டிக்காரன் கிறிஸ்டோபர் வைஸ்மன். படம் வரைவதில் ஆசை கொண்ட ராபர்ட் கில்சன். கவிதை எழுதுகிற ஜெஃப்ரி ஸ்மித். பள்ளி முடிந்து டோல்கீனும் ஸ்மித்தும் ஆக்ஸ்ஃபோர்டு போனார்கள். மற்ற இருவரும் கேம்பிரிட்ஜ். இருந்தாலும் கடிதம் நிற்கவில்லை. 1914 டிசம்பரில் நாலு பேரும் லண்டனில் வைஸ்மன் வீட்டில் கூடி, நாம் ஏதோ பெரிதாகச் செய்யப்போகிறோம் என்று பேசிப் பேசி நம்பிக்கையை வளர்த்துக்கொண்டார்கள். அதற்குள் முதல் உலகப்போர் தொடங்கி நாலு மாதம் ஆகியிருந்தது.

நாலு பேருமே போனார்கள். வைஸ்மன் கடற்படையில், ‘சூப்பர்ப்’ என்ற போர்க்கப்பலில். மற்ற மூவரும் தரைப்படை. டோல்கீனுக்கு சிக்னல் அதிகாரி வேலை. 1916 மார்ச்சில் கல்யாணம், ஜூனில் பிரான்ஸ்.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் என்னால் ஒரு வாத்தியாராகத் தாங்க முடியவில்லை.

ராபர்ட் கில்சன் அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியரின் மகன். 1916 ஜூலை 1, பிரான்சில் சோம் நதிக்கரைப் போரின் முதல் நாள். காலை ஏழரை மணிக்குப் பதுங்குகுழியை விட்டு ஏறி, எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகளை நோக்கி நடந்தார்கள். பிரிட்டிஷ் படையில் அந்த ஒரே நாளில் செத்தவர்கள் 19,240 பேர். காயம்பட்டவர்களையும் காணாமல் போனவர்களையும் சேர்த்தால் 57,470. தன் ஆட்களை முன்னே நடத்திச் சென்ற கில்சன், குண்டு விழுந்து இறந்தான். வயது 22.

மகனே மாணவனாகவும் இருந்த அந்தத் தலைமை ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். அவர் பள்ளியில் படித்து இறந்தவன் கில்சன் ஒருவன் மட்டுமல்ல. தன் கண்முன்னால் டிரவுசர் போட்டு ஓடிய பையன்களின் பெயர்கள் செய்தித்தாளில் ஒவ்வொன்றாக வரும். மறுநாள் காலையில் அவர் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்க வேண்டும், அடுத்த வகுப்புக்குப் போக வேண்டும். 34 வருஷம் வருகைப் பதிவேடு எடுத்தவன் நான். ஒரு பெயருக்கு எதிரே பதில் வராமல் போனால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

கில்சன் இறந்த செய்தியை ஸ்மித் செய்தித்தாளில் பார்த்துத்தான் டோல்கீனுக்கு எழுதினான். ஸ்மித்தும் பிரான்சில்தான் இருந்தான். அதே வருஷம் பிப்ரவரியில், ஒரு ராத்திரி ரோந்துக்குப் போவதற்கு முன்னால் அவன் டோல்கீனுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தான். அதன் சாரம் இதுதான். நான் இன்றைக்குப் போய்விட்டாலும் நம் கூட்டத்தில் ஒருவன் மிஞ்சுவான். சாவு நம்மில் ஒருவரைக் கொண்டுபோகலாம், நம் நாலு பேரையும் இல்லாமல் ஆக்க முடியாது. நான் சொல்ல நினைத்ததை, நான் இல்லாத காலத்தில் நீ சொல்ல வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி அவன் பத்திரமாகத் திரும்பிவிட்டான். சோம் போரிலும் பல மாதம் தப்பித்தான். நவம்பர் கடைசியில், போர்முனைக்குப் பின்னால் ஒரு கிராமத்தில், தன் ஆட்களுக்குக் கால்பந்து ஆட்டம் ஏற்பாடு செய்யப் போனபோது எங்கிருந்தோ குண்டு விழுந்து சிதறியது. காயத்தில் சீழ் வைத்து, டிசம்பர் 3 அன்று இறந்தான். அவனுக்கும் 22 வயதுதான்.

டோல்கீனைக் காப்பாற்றியது பேன். ஆமாம், தலையிலும் துணியிலும் இருக்குமே, அதேதான். பதுங்குகுழிகளில் பேன் கடித்துப் பரவும் ஒரு காய்ச்சல் வந்து, நவம்பரில் அவரை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். பர்மிங்காம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்மித் இறந்த செய்தியை வைஸ்மன் எழுதிய கடிதத்தில்தான் தெரிந்துகொண்டார்.

மிஞ்சிய இரண்டு பேரும் என்ன செய்தார்கள்? 1918ல் ஸ்மித்தின் கவிதைகள் டோல்கீன் முன்னுரையோடு புத்தகமாக வந்தன. பிறகு டோல்கீன் தன் மகன்களில் ஒருவனுக்குக் கிறிஸ்டோபர் என்று வைஸ்மன் பெயரையே வைத்தார். வைஸ்மன் வாத்தியாராகி, டான்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக 1926 முதல் 1953 வரை இருந்தார். 1954ல் வெளிவரத் தொடங்கியதுதான் அந்தப் பெரிய கதை. அதன் இரண்டாம் பதிப்பு முன்னுரையில், 1918க்குள் தன் நெருங்கிய நண்பர்களில் ஒருவர் தவிர எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று டோல்கீன் குறிப்பிடுகிறார். நாலு குட்டை மனிதர்கள் ஒருவரை ஒருவர் விடாமல் போருக்கு நடுவே நடந்து போவதைப் படத்தில் பார்த்தபோது எனக்கு இந்த நாலு பையன்கள்தான் தெரிந்தார்கள். டோல்கீன் அப்படி நினைத்து எழுதினார் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அது.

அதே பள்ளியில், கிட்டத்தட்ட அதே வயதில் இன்னொரு பையன் படித்தான். பெயர் வில்லியம் ஸ்லிம். காலேஜுக்கு அனுப்ப வீட்டில் வசதியில்லை. கொஞ்ச காலம் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார், பிறகு ஒரு கம்பெனியில் கிளார்க். முதல் போரில் கல்லிப்போலியில் படுகாயம். இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் பதினாலாவது படைக்குத் தளபதி அவர்தான். அந்தப் படையில் பெரும்பான்மை நம் இந்தியச் சிப்பாய்கள். மதராஸ் சாப்பர்ஸ்காரர்களும் அதில் உண்டு. 1944ல் இம்பாலில் அவர்களுக்கு எதிரே ஜப்பானியரோடு நின்ற நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் மலேயாவிலிருந்து சேர்ந்த தமிழர்களும் ஏராளம். தமிழன் இரண்டு பக்கமும் நின்றான். 1942ல் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்த கதையை என் பெரிய பாட்டி சொல்லி நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். போர் எங்கோ நடப்பது என்று நினைக்கிறோம், அது வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்துதான் போயிருக்கிறது.

எங்கள் வேலூர்ப் பக்கம் மிலிட்டரிக்குப் போவது புதிதில்லை. என் வகுப்பிலிருந்தும் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர் போனார்கள். கடைசி பெஞ்சு, கணக்கில் 35க்கு முட்டி மோதுவான், ஆனால் மைதானத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை. லீவில் வரும்போது டிரங்குப் பெட்டியோடு நேராகப் பள்ளிக்கு வந்து, வாசலிலேயே விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பான். சமீபத்தில் பழைய மாணவர் சந்திப்புக்காகச் சாதனையாளர் பட்டியல் ஒன்று தயாரானது. டாக்டர், இன்ஜினியர், அமெரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் இருந்தது. மிலிட்டரிக்குப் போனவர்கள் ஒருவர்கூட இல்லை. சேர்க்கச் சொல்லிவிட்டேன், சேர்த்துவிட்டார்கள். பட்டியல் பெரிய விஷயமில்லை.

இப்போது 1991 செட்டுக்கு வருகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். 1999 கார்கில் போரில் நம் நாடு இழந்த 527 பேரில் உங்கள் வகுப்புப் பையன் ஒருவன். அவன் போனபோது மகளுக்கு எட்டு மாதம். போன மாதம் அவள் பத்திரிகை வைக்க வந்தாள். தை மாதம் கல்யாணம். டீ குடித்துவிட்டு எழுந்தவள் வாசற்படியில் நின்று கேட்டாள். “சார், எங்கப்பா ஸ்கூல்ல எப்படி இருப்பார்? வீட்டில் மெடலும் போட்டோவும்தான் இருக்கு. அம்மாவுக்கே அவரை ரெண்டு வருஷம்தான் தெரியும்.”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நல்ல கையெழுத்து, லேட்டாக வருவான், கேட்டால் சிரிப்பான். வாத்தியாருக்குத் தெரிவது அவ்வளவுதான். ஒரு பையனை முழுசாகத் தெரிந்தவர்கள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்.

ஸ்மித் கேட்டது நினைவிருக்கிறதா? மிஞ்சியவன் சொல்ல வேண்டும். உங்கள் கூட்டாளி அப்படி ஒரு கடிதம் எழுதி வைக்கவில்லை. அவனுக்குப் பதிலாக அவன் மகள் கேட்டிருக்கிறாள்.

ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். வீரம், தியாகம் என்று எழுத வேண்டாம், அதை மேடையில் நிறையச் சொல்லிவிட்டார்கள். அவன் யாரோடு சண்டை போட்டான், என்ன பாட்டுப் பாடினான், எந்த மாந்தோப்பில் மாட்டிக்கொண்டான், யாருக்கு அடி விழாமல் பழியை ஏற்றுக்கொண்டான், அதை எழுதுங்கள். எனக்குத் தெரியாமல் செய்ததையும் எழுதலாம், இனிமேல் பிரம்பு எடுக்க மாட்டேன். எழுத்துப்பிழையும் திருத்த மாட்டேன்.

இங்கே கமெண்டில் போடாதீர்கள். பேப்பரில், பேனாவால் எழுதி என் வீட்டுக்கு அனுப்புங்கள். மார்கழி முடிவதற்குள் வந்து சேர வேண்டும். எல்லாவற்றையும் தைத்து பைண்டு போட்டு, கல்யாணத்தன்று நான் அவள் கையில் கொடுக்கிறேன்.