சூட்டுக் கம்பியும் பைத்தானும்

கல்யாண மேடையில் மணமக்களின் பெயர் வெள்ளை எழுத்தில் நிற்கிறதே, அதை எப்படி வெட்டுகிறார்கள் என்று யோசித்ததுண்டா? கத்தி வைத்தால் தெர்மாகோல் மணி மணியாக உதிரும். அதனால் நிக்ரோம் கம்பியில் மின்சாரம் பாய்ச்சி, அந்தச் சூட்டில் வெட்டுகிறார்கள். தெர்மாகோலில் ஏறக்குறைய 98 சதவீதம் காற்றுதான், கம்பி நெருங்கும்போதே உருகி வழிவிடும். ஆனால் கையால் வெட்டினால் கை நடுக்கம் எழுத்தில் தெரியும். கம்பியைக் கணினி நகர்த்தினால் அந்தத் தொல்லை இல்லை.

தர்மபுரி - சேலம் நெடுஞ்சாலையில் இருக்கும் நல்லம்பள்ளியில் ஒரு மேடை அலங்காரக்காரர் இந்த இயந்திரத்தைத் தானே செய்துவிட்டார் என்று வைத்துக் கொள்வோம். ஸ்டெப்பர் மோட்டார்கள், ஓர் ஆர்டுயினோ பலகை, அதற்குள் 2009-ல் வெளிவந்த கெர்பில் என்ற இலவச நிரல். கணினியிலிருந்து கட்டளை அனுப்ப, பைத்தானில் எழுதிய ஒரு மென்பொருள். அதுவும் இலவசம். நாளை முகூர்த்தம், இன்று மாலைக்குள் எழுத்து வேண்டும். செலவுக் கணக்கில் மென்பொருளுக்கு நேரே பூஜ்யம். நிஜமாகவே பூஜ்யமா?

முதல் சிக்கல், பைத்தானின் பதிப்பு. 2008-ல் வந்த பைத்தான் 3, பழைய பைத்தான் 2-க்கு எழுதிய நிரல்களை அப்படியே ஏற்காது. பிரின்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி இல்லை என்றாலே நின்றுவிடும். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்தது, ஆனால் அதற்கு எழுதிய நிரல்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. கடைக் கணினியில் விண்டோஸ் 7 இருந்தால், பைத்தான் 3.8-க்கு மேல் ஏறாது. ஆக, இறக்குவதற்கு முன்பே பதிப்பைப் பார்க்க வேண்டும். விண்டோஸில் நிறுவும்போது, "பாத்"தில் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தை டிக் செய்ய மறக்கக் கூடாது.

இரண்டாவது, பெயர்க் குழப்பம். நிரலுக்குள் "சீரியல்" என்றுதான் இருக்கும். ஆனால் பிப் மூலம் நிறுவ வேண்டியது "பைசீரியல்". "சீரியல்" என்று வேறொரு தொகுப்பும் இருக்கிறது! அதை நிறுவினால் பிழைச் செய்தி வரும், காரணம் மட்டும் புரியாது.

மூன்றாவது, பலகையைக் கணினி கண்டுகொள்ளாதது. விலை குறைந்த பலகைகள் பலவற்றில் சிஎச்340 என்ற சில்லு இருக்கும், அதற்கான டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். பிறகு சரியான காம் போர்ட்டையும் 115200 என்ற வேகத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே போர்ட்டை வேறு நிரல் பிடித்திருந்தால் விண்டோஸ் அனுமதி மறுக்கும், அதை மூடினால் போதும்.

எல்லாம் சரியானதும் உடனே கம்பியைச் சூடாக்கி விடக் கூடாது. முதலில் குளிர்ந்த கம்பியோடு, தெர்மாகோல் இல்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும். சூடான கம்பி நடுவில் நின்றுவிட்டால் அந்த இடத்தில் பள்ளம் விழும், மெதுவாகப் போனாலும் வெட்டு அகலமாகும். புகையை மூச்சில் இழுக்காமலிருக்கக் கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

இத்தனைக்கும் ஒரு பகல் போய்விடும். மென்பொருளின் உண்மையான விலை அந்தப் பகல்தான், பில் இல்லாததால் கணக்கில் ஏறுவதில்லை. பைத்தான் பதிப்பு, நிறுவிய தொகுப்புகள், போர்ட் எண், வேகம் நான்கையும் ஆர்டர் நோட்டிலேயே எழுதி வைத்து, இறக்கிய கோப்புகளை ஒரு பென் டிரைவில் போட்டுவிட்டால், கணினி பழுதானாலும் அந்தச் செலவு இரண்டாம் முறை வராது. அடுத்த முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் போதும்!